முள்ளங்கிக்கு நடுவே கேரட்

என் அன்பு வாலுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நானும் அப்பாவும் சுகமாக இருக்கிறோம். அங்கே நீயும், உனக்குள் சுருண்டு படுத்திருக்கிற ஆளும், கப்பலில் இருக்கிற மாப்பிள்ளையும் சுகம் என்று தெரிந்தால்தான் எங்கள் சுகம் முழுசாகும். அதனால் கால் வீக்கம் வடிந்ததா இல்லையா என்பதை இனிமேல் முதல் வரியிலேயே எழுது. போன கடிதத்தில் அதைக் கடைசிப் பக்கத்து ஓரத்தில் பொடி எழுத்தில் குறுக்காக எழுதியிருந்தாய், நான் கண்ணாடியை ஏற்றியும் இறக்கியும் பார்த்துத்தான் கண்டுபிடித்தேன். ஊரில் பாதிப் பேருக்கு மூக்குக் கண்ணாடி மாட்டிவிடுகிறவள் சொந்த மகளின் கடிதத்தைப் படிக்கத் திண்டாடினால் கடைக்காரர் என்னை வேலையில் வைத்திருப்பாரா, சொல். நல்லவேளை, இப்போது காலையில் மட்டும்தான் கடைக்குப் போகிறேன், மத்தியானம் முழுக்க எனக்கும் தோட்டத்துக்கும்தான்.

பதில் எழுத இவ்வளவு நாள் ஆனதற்குக் கோபித்துக்கொள்ளாதே. நீ இரண்டு கேள்வி கேட்டிருந்தாய். பெரிய கேள்வி, இந்த வீட்டைப் பக்கத்து வீட்டுப் பல் டாக்டருக்கே விற்றுவிட்டு, குளிர் தொடங்குவதற்குள் நாங்கள் இருவரும் உன்னிடம் வந்து ஒரேயடியாக அங்கேயே இருந்துவிடுகிறோமா என்பது. உனக்குப் பிரசவம் குளிர் தொடங்கும்போது, மாப்பிள்ளை கப்பலிலிருந்து இறங்குவது குளிர் முடியும்போது, போன குளிரில் அப்பா நெஞ்சுச் சளியோடு கிடந்தது வேறு உனக்கு மறக்கவில்லை, எல்லாம் புரிகிறது. சின்னக் கேள்வி, உன் பால்கனியில் சும்மா கிடக்கிற இரண்டு தொட்டியில் இப்போது எதைப் போட்டால் குளிர்காலத்தில் பறித்துச் சாப்பிடலாம் என்பது. சின்னக் கேள்விக்குப் பதில் எழுதலாம் என்று உட்கார்ந்தால் பெரியது வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறது. இரண்டும் ஒரே கேள்விதான் என்று எனக்கு இப்போது படுகிறது. அது எப்படி என்று சொல்லத்தான் இந்த நீளக் கடிதம், காலை ஒரு ஸ்டூலில் தூக்கி வைத்துக்கொண்டு படி.

இங்கே கோடை, கிளம்பலாமா வேண்டாமா என்று வாசலில் நின்றுகொண்டிருக்கிறது. மத்தியானத்தில் பின்கதவைத் திறந்து வைத்தால் வெயில் அடுப்படி வரைக்கும் வந்து படுத்துக்கொள்கிறது, ஆனால் காலையில் தண்ணீர்க் குழாயைத் திருகும்போது விரலுக்கு வேறு ஏதோ தெரிகிறது, சில்லென்று, யாரோ தூரத்தில் கதவைத் திறந்த மாதிரி. தக்காளிச் செடிகள் மஞ்சளாகித் தலை தொங்கிவிட்டன. அப்பா அவற்றைப் பிடுங்கிப் பாத்தியைக் காலி செய்தார். காலிப் பாத்தியைப் பார்த்தால் எனக்கு ஒரு மயக்கம் வரும், உனக்குத் தெரியும். சமையலறைப் படியில் உட்கார்ந்து கண்ணைப் பாதி மூடிக்கொண்டால் வெறும் மண்ணில் குளிர்காலம் தெரிய ஆரம்பிக்கும். முதுகில் வெயில் சுட்டுக்கொண்டிருக்கும், கண்ணுக்குள் முட்டைகோஸ் இலை மேல் பனி உட்கார்ந்திருக்கும், பட்டாணிக் கொடி கொம்பைப் பிடிக்கக் கை நீட்டும், கீரை ஈரமாக, கறுப்புப் பச்சையாக நிற்கும். நீ சின்னவளாக இருந்தபோது ஓடிப்போய் அப்பாவிடம் அம்மா உட்கார்ந்தபடியே தூங்குகிறாள் என்று கோள் சொல்வாய். தூங்கவில்லை, நட்டுக்கொண்டிருக்கிறாள், சத்தம் போடாதே என்று அப்பா சொல்வார்.

இந்த வருஷம் மயக்கம் மட்டும் வந்தது, முடிவு வரவில்லை. போன வருஷத்து மிச்ச விதைப் பொட்டலங்களைச் சாப்பாட்டு மேஜையில் பரப்பி வைத்துக்கொண்டு மத்தியானம் மத்தியானமாக உட்கார்ந்திருந்தேன். கோடைக் கடைசியில் விதை எடுப்பவர்கள் முதலில் யோசிக்க வேண்டியது, எவ்வளவு காலம் காத்திருக்கப் போகிறோம் என்பதைத்தான். முள்ளங்கி அவசரக்காரி, போட்டதும் முளைக்கும், குளிர் வருவதற்குள் தட்டுக்கு வந்துவிடும். பாலக்கீரை கிள்ளக் கிள்ளத் தரும், ஆனால் கிள்ள ஆள் வேண்டும். முட்டைகோஸ் வந்தால் விருந்தாளி மாதிரி கால் நீட்டி உட்கார்ந்துவிடும், சீக்கிரம் எழுந்திருக்காது. காலிஃபிளவர் உன் பெரியத்தை ஜாதி, கொஞ்சம் வெயில் கூடினாலும் முகம் சுளிக்கும், கொஞ்சம் தண்ணீர் குறைந்தாலும் முகம் சுளிக்கும், கடைசியில் தேங்காய் அளவு வரும் என்று பார்த்தால் எலுமிச்சை அளவில் நின்றுவிடும். கேரட் இருக்கிறதே, அதுதான் எல்லாவற்றையும்விட நிதானம். முளைக்கவே யோசிக்கும், முளைத்தபின் மாதக்கணக்கில் மண்ணுக்குள் இருக்கும், குளிர் ஏற ஏற அதில் இனிப்பு ஏறும், பிடுங்காமல் விட்டாலும் கெடாமல் அப்படியே கிடக்கும். எந்தப் பொட்டலத்தைக் கையில் எடுத்தாலும் இதைப் பிடுங்க இங்கே யார் இருப்பார்கள் என்ற நினைப்பு வந்தது. பொட்டலத்தைக் கீழே வைத்துவிடுவேன்.

பல் டாக்டர் வேறு வேலி ஓரம் வரும்போதெல்லாம் விசாரிக்கிறார். நல்ல மனுஷர், ஆனால் நம்மோடு பேசும்போது கண்ணைப் பார்க்காமல் பல்லைப் பார்ப்பார். அவருக்கு நம் வீடு வேண்டியதில்லை, வைத்தியத்துக்கு வருகிறவர்களின் கார் நிறுத்த இடம்தான் வேண்டும், நம் பாத்தி இருக்கிற இடத்தைக் கையால் அளந்து ரொம்ப மரியாதையாகச் சொன்னார். குளிருக்கு முன்னால் ஒரு பதில் தெரிந்தால் போதும் என்றார். அப்பாவிடம் கேட்டால் அப்பா, வீட்டுக்காரியைக் கேட்டுச் சொல்கிறேன் என்பார். என்னிடம் கேட்டால் நான், அவரைக் கேட்டுச் சொல்கிறேன் என்பேன். இப்படியே ஆடிக்கொண்டிருந்ததில் டாக்டருக்கே சொத்தைப் பல் வலித்த மாதிரி முகம் ஆகிவிட்டது. நீங்கள் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் நின்று சொல்லுங்கள் என்று கேட்டுக்கொண்டார்.

இது நம் வீட்டு வியாதி, உனக்குப் புதிதா என்ன. எனக்கு இது வேணும் என்று இந்த வீட்டில் யாரும் வாய் திறந்ததில்லை, உங்களுக்கு எது சௌகரியமோ அது, உனக்கு எது பிடிக்குமோ அது. கூடத்துச் சுவரின் பாசிப் பச்சையை நினைத்துப் பார். உன் அப்பாவுக்குப் பிடிக்கும் என்று நான் தலையாட்டினேன், எனக்குப் பிடிக்கும் என்று அவர் தலையாட்டினார், பெயிண்டர் அடித்துவிட்டுப் போனார், நீ கல்யாணமாகிப் போகும்வரை அந்தப் பச்சைக்குள்ளேதான் நாம் மூன்று பேரும் குளத்துத் தவளைகள் மாதிரி வாழ்ந்தோம். நான் உனக்குக் கடிதம் எழுதி முடித்துத் தாளை அவரிடம் கொடுத்தால் படித்துக்கூடப் பார்க்காமல் அம்மா எழுதியதே என் எண்ணமும், அப்பா, என்று ஒரு வரி போட்டு மடித்துத் தருவாரே, அதுவும் இதே வியாதிதான். உன் பெரிய கேள்வி வந்தபிறகு நாங்கள் இருவரும் ரொம்ப மரியாதையாக, ரொம்ப அன்பாக, ஒருவரை ஒருவர் கவனித்துக்கொண்டு, அதைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசாமல் இருந்தோம்.

பேசவில்லையே தவிர எனக்குள் முடிவு செய்துவிட்டேன். அப்பா வாழ்நாளெல்லாம் பஸ் ஓட்டியவர். விடிவதற்குள் கிளம்பி ஊரையே சுற்றிவிட்டு வந்து இந்த வாசலில் செருப்பைக் கழற்றும்போது ஒரு மூச்சு விடுவாரே, அந்த மூச்சுதான் எனக்கு ஞாபகம் வந்தது. அவரைக் கிளப்பிக்கொண்டு போக எனக்கு மனசு வரவில்லை. சரி, இங்கேயே இருப்போம், அவர் கேட்காமலே அவருக்குப் புரியட்டும் என்று நினைத்து, கடை விட்டு வரும் வழியில் விதைக் கடைக்குப் போய்ப் புதிதாகக் கேரட் விதை வாங்கிவந்தேன். கேரட் போட்டால் இருக்கப் போகிறோம் என்றுதானே அர்த்தம், இதைவிட எப்படிச் சொல்வது.

நம் வீட்டில் வேலை பிரித்திருப்பது உனக்கு ஞாபகம் இருக்கும். மண்ணைக் கொத்தி, மக்கிய உரம் கலந்து, பலகையால் தட்டிச் சமன் செய்து, தண்ணீர் தெளித்து வைப்பது அப்பா. எதைப் போடுவது என்று தீர்மானித்து விதைப்பது நான். அவர் ஒழுங்கு செய்த பாத்தியை நான் திறந்து பார்ப்பதில்லை, நான் விதைத்ததை அவர் என்ன என்று கேட்பதில்லை. அன்றைக்கும் கடையிலிருந்து வந்து பார்த்தால் பாத்தி தயாராக, ஈரமாக, போர்வை விரித்த கட்டில் மாதிரி இருந்தது. அப்பா உள்ளே மத்தியானத் தூக்கத்தில் இருந்தார். கேரட் விதை தும்மினால் பறந்துவிடும், அதனால் ஒரு கிண்ணம் மணலில் கலந்துகொண்டேன். விரலால் அகலவாக்கில் மெல்லக் கோடு இழுத்தேன். மண் மேலே வெதுவெதுப்பு, ஒரு விரல்கடை உள்ளே குளிர்ச்சி. இழுத்துக்கொண்டே போகும்போது அந்தக் கோடு பாத்தி ஓரத்தில் நிற்காமல் சுவரைத் தாண்டி, தெருவைத் தாண்டி, நான் இதுவரை பார்த்திராத உன் சமையலறை வரைக்கும் போவது மாதிரி இருந்தது. நீ எழுதிய மஞ்சள் திரை, ஜன்னலுக்குக் கீழே நீ முட்டி இடித்துக்கொள்கிற அந்த அலமாரி, எல்லாம் தெரிந்தது. நீ வயிற்றில் ஒரு கையை வைத்துக்கொண்டு ஒரு கையால் பாத்திரம் தேய்க்கிறாய், குழாயை மூடவில்லை, தண்ணீர் போய்க்கொண்டே இருக்கிறது. அங்கேயே நின்றுவிட்டேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தால் கையிலிருந்த மணல் எல்லாம் முடிந்திருந்தது. இங்கேயே இருப்பதற்கு விதைத்துவிட்டேன், மனசு முழுக்க உன்னிடம் இருந்தது.

கோடைக் கடைசியில் வெயில் இன்னும் சுடும், மேல் மண் காய்ந்தால் கேரட் முளைக்காது. அதனால் எப்போதும் போலச் சணல் சாக்கை நனைத்துப் பாத்தி மேல் போர்த்தினேன். காலையும் மாலையும் சாக்கு மேலேயே பூவாளியால் தண்ணீர். இதில் ஒரு வேடிக்கை, நான் ஊற்றலாம் என்று போனால் அப்பா ஏற்கெனவே ஊற்றியிருப்பார். என்றைக்கும் இல்லாத அக்கறை. ஆஹா, இருக்கப் போகிறோம் என்று புரிந்துகொண்டார், அதுதான் இவ்வளவு சந்தோஷம் என்று நான் நினைத்தேன். சந்தோஷப்படுகிறாரே என்று எனக்கும் சந்தோஷம், ஆனாலும் உள்ளே போய் உன் கடிதத்தை எடுத்து இன்னொரு தடவை படித்தேன்.

ஒரு காலை சாக்கின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தேன். முளைத்திருந்தது. ஆனால் கேரட் முளை நூல் மாதிரி இருக்கும், இது தடித்தடியாக, இதய வடிவில் இரட்டை இலை விட்டு நின்றது. அதுவும் நான் அகலவாக்கில் கோடு இழுத்தேன், இது நீளவாக்கில், ஸ்கேல் வைத்த மாதிரி வரிசை. எனக்குப் பயமாகிவிட்டது. மத்தியான மயக்கத்தில் நானே எதையோ எப்படியோ விதைத்துவிட்டேனா, வயசு வேலையைக் காட்ட ஆரம்பித்துவிட்டதா என்று சாக்கை மறுபடி போர்த்திவிட்டு நின்றேன். அப்புறம், நான் எதற்குப் பயப்பட வேண்டும், தப்பு விதைக் கடையில் நடந்திருக்கும் என்று தோன்றியது, உடனே கோபம் வந்துவிட்டது. கண்ணாடிக் கடைக்குப் போவதற்கு முன்னால் விதைக் கடைக்குப் போனேன். கடைக்கார அம்மா அப்போதுதான் ஷட்டரைத் தூக்கிக்கொண்டிருந்தார். கேரட் என்று சொல்லி முள்ளங்கியைக் கட்டிக் கொடுத்திருக்கிறீர்கள், உங்களுக்குக் கண்ணாடி வேண்டுமென்றால் என் கடைக்கு வாருங்கள் என்று நான் ஆரம்பிக்க, அந்த அம்மா ஷட்டரைப் பாதியில் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்தார். “ஏங்க, முள்ளங்கி வாங்கிட்டுப் போனது உங்க வீட்டுக்காரர். நீங்க வர்றதுக்கு முந்தின நாளே வந்தார். ரெண்டு பேரும் பேசி வச்சுத்தான் வாங்குறீங்கன்னு நெனச்சேன்.” அந்த அம்மா பாவம், ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்து உட்கார வைத்தார்.

அன்றைக்குக் கடையில் ஒரு பெரியவருக்கு வேறொருவரின் கண்ணாடியை மாட்டி அனுப்பப் பார்த்தேன், அவர் வாசலில் முட்டிக்கொண்டு திரும்பி வந்தார், அந்த அளவுக்கு என் புத்தி இங்கே இல்லை. முள்ளங்கி. அவசரக்காரி. அதைப் போட்டால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாதா. குளிருக்குள் முடித்துக்கொண்டு கிளம்பலாம் என்று அர்த்தம். கொத்தும்போதே விதைத்து, மேலே மண் தட்டி, ஒன்றும் தெரியாத மாதிரி தண்ணீர் தெளித்து வைத்திருக்கிறார், அதன் மேல் நான் போய்க் கேரட்டைத் தூவியிருக்கிறேன். உலகத்தில் இப்படி ஒரே பாத்தியில் ஒருவருக்குத் தெரியாமல் ஒருவர் விதைக்கிற தம்பதி வேறு எங்கேயாவது இருப்பார்களா என்று எனக்குத் தெரியவில்லை.

மாலையில் சாக்கை முழுதாக எடுத்துவிட்டு அப்பாவைக் கூப்பிட்டேன். முக்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். இது என்ன என்று கேட்டேன். முள்ளங்கி என்றார், ஏதோ நான் போட்டதை அடையாளம் சொல்கிற மாதிரி. நான் போட்டது கேரட் என்றேன். அவர் பாத்தியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி பாத்தியைப் பார்த்தார். உனக்குப் போகணும்னு இருக்கும், எனக்காக வாயைத் திறக்க மாட்டாய், அதனால்தான் என்றார். நீங்கள் இங்கேயே இருக்க ஆசைப்படுவீர்கள், எனக்காக வாயைத் திறக்க மாட்டீர்கள், அதனால்தான் நானும் என்றேன். பிறகு அப்பா சிரிக்க ஆரம்பித்தார் பார், முக்காலி ஒரு பக்கம் சாய்ந்து, வேலியைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வர. பச்சைச் சுவர், பச்சைச் சுவர் என்று அதையே சொல்லிச் சொல்லிச் சிரித்தார். பக்கத்தில் பல் டாக்டர் ஜன்னலைத் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொண்டார்.

சிரிப்பு அடங்கியதும் நான் கேட்டுவிட்டேன். இத்தனை வருஷத்தில் கேட்காத கேள்வி. உனக்காக, எனக்காக எல்லாம் இருக்கட்டும், உங்களுக்கு என்ன வேண்டும், அதைச் சொல்லுங்கள் என்றேன். அவர் எழுந்து போய்த் தொட்டித் தண்ணீரில் கையைக் கழுவினார், ஒவ்வொரு விரலாகக் கழுவினார். வெயில் சுவர் மேலிருந்து இறங்கிக்கொண்டிருந்தது. திரும்பி வந்து உட்கார்ந்துகொண்டு, பாத்தியைப் பார்த்தபடியே சொன்னார். “எனக்கு இந்த வீடு வேணும். நான் அத்தனை வருஷம் ஓட்டினதே இங்க வந்து நிக்கத்தான்.” அவ்வளவுதான். சொல்லிவிட்டு, தப்பு ஏதும் சொல்லிவிட்டோமா என்று என் முகத்தைப் பார்த்தார். உனக்கு என்று கேட்டார். எனக்குப் பதில் சொல்ல அவ்வளவு நேரம் ஆகவில்லை, என்னைக் கேட்காமலே வாய் சொல்லிவிட்டது. “எனக்கு அவகிட்டப் போகணும்.” சொன்னதும் அழுதுவிட்டேன். மண் கையோடு கண்ணைத் துடைத்ததில் முகமெல்லாம் சேறு. அவர் தன் துண்டைக் கொடுத்தார்.

அப்படியாக நாங்கள் இருவரும் கல்யாணமானதிலிருந்து முதல் தடவையாக வேறு வேறு பக்கம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம், வாலு. ஆச்சரியம் என்னவென்றால் ஒன்றும் இடிந்து விழவில்லை. கொஞ்சம் கூச்சமாக இருந்தது, அவ்வளவுதான், புதிதாகப் பெண் பார்க்க வந்த மாதிரி. மறுபடி மறுபடி யோசித்தும் வழி தெரியவில்லை. அடுத்தடுத்த நாட்களில் ஒரு தீர்மானமும் இல்லாமலே பாத்திக்குத் தண்ணீர் ஊற்றினோம். அப்புறம் ஒரு காலை கேரட்டும் முளைத்திருந்தது, முள்ளங்கி வரிசைக்குக் குறுக்கே நூல் நூலாக. நீளவாக்கில் அவருடையது, அகலவாக்கில் என்னுடையது, மேலிருந்து பார்த்தால் கட்டம் போட்ட துணி விரித்த மாதிரி. முள்ளங்கியின் இலை நிழலில் கேரட் வாடாமல் இருந்தது. நான் படியில் உட்கார்ந்து பழையபடி கண்ணைப் பாதி மூடினேன். முள்ளங்கி பெருத்து ஒவ்வொன்றாக வெளியே வருகிறது, அது விட்டுப்போன இடத்தில் கேரட் காலை நீட்டிக்கொள்கிறது. ஒன்று கிளம்புகிறது, ஒன்று இருக்கிறது, பாத்தி ஒன்றுதான். கண்ணைத் திறந்தபோது என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்திருந்தது. உள்ளே போய் அப்பாவிடம் சொன்னேன். அவர், நானும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன் என்றார், நான் நம்பவில்லை, சத்தியம் செய்யச் சொன்னேன், செய்தார்.

ஆகவே உன் பெரிய கேள்விக்குப் பதில். வீட்டை விற்கவில்லை. இருவரும் ஒரே நேரத்தில், ஒரே இடத்தில், வேலி ஓரம் நின்று பல் டாக்டரிடம் சொல்லியாகிவிட்டது, அவர் இதற்கே நிம்மதி அடைந்தார். முள்ளங்கி முடிந்ததும் நான் ரயில் ஏறி உன்னிடம் வருகிறேன். குளிர் தொடங்கும்போது, உன் நாள் வரும்போது, நான் உன் பக்கத்தில் இருப்பேன். அப்பா இங்கே கேரட்டோடு இருப்பார். நெஞ்சுச் சளியை நினைத்து நீ பதறுவாய் என்று தெரியும், எனக்கும் பதற்றம்தான், இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். ஸ்வெட்டரும் மப்ளரும் துவைத்துக் கதவுக்குப் பின்னால் மாட்டியாகிவிட்டது, விடியற்காலையில் தோட்டத்துக்குப் போகக் கூடாது, வெயில் வந்தபிறகுதான் என்று வாக்கு வாங்கியிருக்கிறேன். பல் டாக்டர் தினமும் காலையில் வேலி ஓரம் வந்து குரல் கொடுத்துப் பார்த்துக்கொள்வதாக அவராகவே சொன்னார். வீடு தராதவர்களுக்கு இவ்வளவு செய்கிற மனுஷரிடம் அடுத்த தடவை பல்லை நன்றாகவே காட்டலாம் என்று நினைத்தேன். குளிர் நடுவில் கேரட் இனிப்பு ஏறியதும் அப்பா பாதியைப் பிடுங்கிக்கொண்டு உன்னிடம் வருவார், குழந்தையைப் பார்க்க. மீதிப் பாதியை மண்ணிலேயே விட்டுவிட்டு வருவாராம், அது கெடாது, திரும்பி வந்து பிடுங்க வேண்டும் அல்லவா. மாப்பிள்ளை கப்பலிலிருந்து இறங்கியதும் நாங்கள் இருவரும் சேர்ந்து திரும்புவோம். ஒரேயடியாக வரவில்லை என்று வருத்தப்படாதே.

இப்போது உன் சின்னக் கேள்வி. ஜன்னல் பக்கத்துத் தொட்டியில் பாலக்கீரையும் ஓரத்தில் நாலு முள்ளங்கியும் போடு, சாயங்காலம் வெயில் தணிந்தபின் போடு, முளைக்கும்வரை ஈரத் துணியை மேலே போர்த்தி வை, முளை தெரிந்த அன்றே துணியை எடுத்துவிடு, மறந்தால் வெளிறி நீண்டுவிடும். தொட்டியை நீ நகர்த்தாதே, பூவாளியை நிறையத் தூக்காதே, பாதி பாதியாக ஊற்று, குனிந்து எழும்போது சுவரைப் பிடித்துக்கொள். பாத்திரம் தேய்க்கும்போது குழாயை மூடு. இன்னொரு தொட்டியில் மண்ணை மட்டும் நிரப்பி வை. அதில் என்ன போடுவது என்று நான் வந்து பார்த்துச் சொல்கிறேன் என்று எழுத வந்தேன், வேண்டாம். அதை நீ சொல்ல வேண்டும். உன் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன், வாலு. உன் பிரசவ டாக்டர் சொன்னது இருக்கிறது, உன் வீட்டில் நல்ல வெதுவெதுப்பு இருக்கும் என்பது இருக்கிறது, அப்பாவின் நெஞ்சுக்கு நல்லது என்பது இருக்கிறது, உங்களுக்கு எது சௌகரியமோ அப்படிச் செய்யுங்கள் என்று கடைசி வரியும் இருக்கிறது. அம்மா நீ எனக்கு வேணும் என்று எங்கேயும் இல்லை. வியாதியை நகை நட்டோடு சேர்த்து உனக்கும் கொடுத்து அனுப்பிவிட்டோம் போலிருக்கிறது. நான் எப்படியும் வருகிறேன், அது தீர்மானம். இருந்தாலும் பதிலில் அந்த ஒரு வரியை எழுது, ஓரத்தில் பொடி எழுத்தில் குறுக்காக இல்லை, நடுப் பக்கத்தில், கண்ணாடி இல்லாமலே படிக்கிற மாதிரி. உன் வயிற்றில் இருக்கிறது பிறந்த அன்றிலிருந்து அதைத்தானே அலறப் போகிறது, அதற்கு முன்னால் நீ கற்றுக்கொள்.

நீயும் உன் குழந்தையும் நோய் நொடி இல்லாமல், கேட்டது கிடைத்து, கேட்கத் தெரிந்து, நன்றாக இருக்க வேண்டும். மாப்பிள்ளைக்கு எழுதும்போது எங்கள் ஆசியைச் சொல். முதல் வரியில் கால் வீக்கம், மறக்காதே.

உன் வரவை எண்ணாமல், இந்த முறை தன் வரவை எண்ணிக்கொண்டிருக்கும்,
உன் அம்மா

மகளுக்கு, இந்த முறை முழுக்கப் படித்தேன். அம்மா எழுதியதில் பாதிதான் என் எண்ணம். நான் அவ்வளவு சிரிக்கவில்லை. எனக்குக் கூடத்துச் சுவர் வெள்ளையாக வேண்டும், அம்மா ஊரில் இல்லாத நேரத்தில் அடித்துவிடுவேன். கேரட் நன்றாகப் பருக்க வேண்டும். அம்மா திரும்பி வர வேண்டும், ஆனால் நீ அவளை அவசரப்படுத்தாதே. எனக்கு உன்னைப் பார்க்க வேண்டும்.
அப்பா